வெள்ளிக்கிழமை நீதிபதிக்கு அஞ்சு பென்ஷன்

இன்பமணி: அப்பம் கேசு உங்க மேல. அதை விசாரிக்கப் போறதும் நீங்க. இது எந்த ஊரு நியாயம்?

யேசுராஜ்: நம்ம ஊருச் சங்கத்து நியாயந்தான். சட்டத்துல அப்பிடித்தான் கெடக்கு.

இன்பமணி: அந்தச் சட்டத்தை எழுதினது ஆரு?

யேசுராஜ்: அது... நான்தான். அன்னைக்கு கையெழுத்து நல்லா இருந்தவன் வேற ஆரும் இல்ல.

இன்பமணி: துணை நீதிபதின்னு ஜெனின் இருந்தாருல்லா? அவருகிட்ட விட்டுட்டு ஒதுங்கிக்கிடுங்க.

யேசுராஜ்: ஜெனின் போன வருசமே நாட்டுக்குப் போயாச்சு. அவனுக்க பொறுப்பையும் தற்காலிகமா நான்தான் பாக்கேன். நான் ஒதுங்கினா கேசு திரும்ப எனக்கிட்டதான் வரும்.

இன்பமணி: நல்லா வெளங்கும்.

யேசுராஜ்: சிரிக்காத பிள்ளே. சாயந்திரம் ஃபவாஸ் சாயாக்கடை மாடியில, கல்ஃபுக்கு வந்து இந்த அப்பாசியாவுல கெடக்குத நம்ம ஊருக்காரன் அம்புட்டு பேரும் வந்து நிப்பான். வழக்கமா ரூம்ல மீன் பொரிச்ச சண்டைன்னா நாலு பேருதான் வருவான். இன்னைக்கு நாற்காலி வாடகைக்கு எடுத்திருக்கு.

இன்பமணி: உங்களைப் பிடிச்சு உலுக்கப் போற கூட்டத்துக்கு நாற்காலி எடுத்தது ஆரு?

யேசுராஜ்: ...திருவிழா கமிட்டி பொருளாளர்.

இன்பமணி: அதும் நீங்கதானே.

யேசுராஜ்: இஞ்ச பாரு, நீ கொஞ்ச நேரம் எனக்க பொண்டாட்டியா நிக்காம, கேசு குடுத்த பெபினா நில்லு. அவன் கேக்கப் போறதை நீ கேளு. நான் பதில் சொல்லிப் பாக்கேன்.

இன்பமணி: எனக்கு ஆஸ்பத்திரியில ஈவினிங் டூட்டிக்கு நேரமாவுது.

யேசுராஜ்: சீக்கிரம் முடிச்சிரலாம். யல்லா, தொடங்கு.

இன்பமணி: சரி... மாண்புமிகு நீதிபதி அவர்களே...

யேசுராஜ்: அவன் அப்பிடிக் கூப்பிட மாட்டான். "யேசு அண்ணே"ன்னு தேன் ஒழுக வருவான். பிறவுதான் கடிப்பான்.

இன்பமணி: யேசு அண்ணே, ஒரு பொறுப்புல பத்து வருசம் இருந்தவன், கல்ஃபை விட்டு ஒரேயடியா நாட்டுக்குப் போவும்போ, சங்கம் அவனுக்கு மாசாமாசம் பென்ஷன் குடுக்கும். அதானே சட்டம்?

யேசுராஜ்: அதேதான் தம்பி.

இன்பமணி: நீங்க எத்தனை பென்ஷனுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க?

யேசுராஜ்: அஞ்சு.

இன்பமணி: கொஞ்சம் ஒறக்கச் சொல்லுங்க அண்ணே, பின்னால நிக்கிறவனுக்குக் கேக்கல்ல.

யேசுராஜ்: அஞ்சு. சட்டத்துல "ஒரு பொறுப்புக்கு ஒரு பென்ஷன்"னு இருக்கு தம்பி. ஒரு ஆளுக்கு ஒண்ணுன்னு எங்கயும் இல்ல.

இன்பமணி: அஞ்சு பொறுப்பையும் எண்ணிச் சொல்லுங்க.

யேசுராஜ்: வெள்ளிக்கிழமை நீதிபதி. திருவிழா கமிட்டி பொருளாளர். பிள்ளைகளுக்க ஸ்கூல் வேன் பொறுப்பாளர். ஃபுட்பால் கிளப் தலைவர்...

இன்பமணி: பந்தை ஒரு நாளாவது தொட்டிருக்கீங்களா?

யேசுராஜ்: ஒருக்கா மூஞ்சியில பட்டிருக்கு.

இன்பமணி: நீதிபதியா இருந்து என்ன கிழிச்சீங்க?

யேசுராஜ்: மீன் பொரிச்ச கேசுல தீர்ப்பு சொன்னது ஆரு? நாத்தம்னு சொன்னவனுக்கு நைட் டூட்டி வாற நாள்ல மட்டும் மீன் பொரிக்கணும்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் அந்த ரூம்ல சண்டை இல்ல.

இன்பமணி: ரெண்டு கட்சியும் பிரியாணி கொண்டு வந்தானாமே?

யேசுராஜ்: ரெண்டையும் தின்னேன். ஒண்ணை மட்டும் தின்னா பட்சபாதம் ஆயிரும்லா?

இன்பமணி: அஞ்சாவதைச் சொல்லவே இல்லியே.

யேசுராஜ்: அது... பிரேதம் நாட்டுக்கு அனுப்புத கமிட்டி.

இன்பமணி: ம்.

யேசுராஜ்: மத்த நாலுக்கும் எனக்கு எதிரா எவனாவது நின்னு பாத்தான். இதுக்கு மட்டும் ஒருத்தனும் வரல்ல. ராசம்மா செத்து கெடந்தப்பம் ஆஸ்பத்திரிக்கும் எம்பசிக்கும் அலைஞ்சது நான்தான். யாழ்ப்பாணத்துப் பொம்பளை, நம்ம சங்கமே இல்ல. பெட்டி ஏறுத வரைக்கும் ஏர்போர்ட்டுல நின்னேன்.

இன்பமணி: இதை சபையில சொல்லுங்க. பெபின் வாயடைச்சுப் போவான்.

யேசுராஜ்: செத்தவங்களைக் காட்டி காசு கேக்கவா? வேண்டாம். நீ பெபினா நில்லு, எனக்க வக்கீலா மாறாத.

இன்பமணி: அப்பம் வேற கேக்கேன். யேசு அண்ணே, இந்தக் காசு ஆருக்க காசு? ஃபஹாஹீல்ல படகு ஏறுதவனும், வெயில்ல ஏசி தூக்குதவனும் மாசாமாசம் போடுத சந்தா. ஒருத்தரே அஞ்சு வாங்கினா, நாளைக்கு முதுகு ஒடிஞ்சு நாட்டுக்குப் போறவனுக்கு என்ன மிஞ்சும்?

யேசுராஜ்: இதை அவன் கேப்பான்னு நினைக்கியா?

இன்பமணி: கேக்காம இருப்பானா? அதுக்குத்தானே வாறான்.

யேசுராஜ்: இதுக்கு எனக்கிட்ட பதில் இல்ல. வேற கேளு.

இன்பமணி: வேறன்னா... உங்களுக்கு இங்க ஜோலி உண்டுமா அண்ணே? கம்பெனி உண்டுமா? வீட்டம்மாவுக்க விசாவுல நிக்கிற ஆளு நீங்க.

யேசுராஜ்: எனக்க கஃபீலே, ஸ்பான்சரே அவதான். அவ கேன்சல்னு சொன்னா நான் நாளைக்கே ஃபிளைட்டுல.

இன்பமணி: அவங்க நர்சு. மாசம் பொறந்தா கைநிறைய சம்பளம் வருது. அது இருக்கச்சில உங்களுக்கு எதுக்கு அஞ்சு பென்ஷன்? ஆசைக்கு ஒரு அளவு வேண்டாமா?

யேசுராஜ்: நீ பெபினை விட நல்லாக் கேக்கே.

இன்பமணி: பதிலு?

யேசுராஜ்: பதில் ஒண்ணு உண்டும். சபையில சொல்ல முடியாது.

இன்பமணி: ஏன் முடியாது?

யேசுராஜ்: அது எனக்க விசயம் மட்டும் இல்ல... விடு. நீ கேட்டது நியாயம். தீர்ப்பு சொல்லிடுதேன். ஒரு ஆளுக்கு ஒரு பென்ஷன். நாலையும் சங்கத்துக்கே விட்டுக் குடுக்கேன். கலாஸ், கேசு முடிஞ்சுது.

இன்பமணி: நாலையுமா?

யேசுராஜ்: நாலையும். பத்து வருசத்துல மொத தடவையா எனக்க தீர்ப்புக்கு எல்லாரும் கைதட்டுவான். நீ டூட்டிக்குக் கெளம்பு.

இன்பமணி: இல்ல... இஞ்ச பாருங்க. அவசரப்பட்டு அப்பிடியெல்லாம் சொல்லிடாதீங்க.

யேசுராஜ்: ஏன்?

இன்பமணி: சட்டத்துல பொறுப்புக்கு ஒண்ணுன்னுதானே இருக்கு. உழைச்சிருக்கீங்க. அஞ்சும் வாங்குங்க.

யேசுராஜ்: இப்பம்தானே படகுக்காரன் காசுன்னு சொன்னே?

இன்பமணி: அது பெபின் சொன்னது. நான் கட்சி மாறியாச்சு.

யேசுராஜ்: கட்சி மாறினா காரணம் சொல்லணும். உனக்க சம்பளம் கைநிறைய வருதுல்லா? நமக்கு எதுக்கு அஞ்சு?

இன்பமணி: வரல்ல.

யேசுராஜ்: என்னது?

இன்பமணி: சம்பளம் வரல்ல. இனி வராது. போன மாசத்தோட என்னை நிறுத்திட்டாங்க. எனக்க வயசுக்காரி எல்லாரையும்தான்... உங்ககிட்ட எப்பிடிச் சொல்லன்னு தெரியல்ல. யூனிஃபார்ம் போட்டு எறங்கி, கிளினிக் கிளினிக்கா ஏறிக் கேட்டுட்டு வாறேன். எல்லாவனும் மொதல்ல வயசைத்தான் கேக்கான்.

யேசுராஜ்: ம்.

இன்பமணி: "ம்"னா? கேட்டுதா இல்லியா?

யேசுராஜ்: கேட்டுது. மொதல்ல, உனக்க கூட டூட்டி பாத்த ஷிஜிக்க மாப்பிள்ளை சொல்லிக் கேட்டுது. அன்னைக்குத்தான் அஞ்சுக்கும் எழுதிக் குடுத்தேன்.

இன்பமணி: வரிசையில நிக்கிறவங்க கூட்டம், முன்னாடியே எழுதிப் போட்டாத்தான் கிட்டும்னு எனக்கிட்ட சொன்னது?

யேசுராஜ்: பொய்.

இன்பமணி: நாட்டுக்குப் போறதுக்குத்தானா... என்னையும் கூட்டிட்டு?

யேசுராஜ்: உன்னை விட்டுட்டு நான் எந்த விசாவுல நிப்பேன்? இத்தனை வருசம் டூட்டியில நின்னு நின்னு உனக்குக் காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. போதும் பிள்ளே. அஞ்சு பென்ஷன் வந்தா உன்னை மறுபடி ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க விட வேண்டாம்னு நினைச்சேன். அதான் வெக்கம் இல்லாம கேட்டேன்.

இன்பமணி: அப்பம் சபையில இதைச் சொல்லுங்க. நான் வந்து நிக்கேன். எனக்கு வேலை போச்சுன்னு நானே சொல்லுதேன்.

யேசுராஜ்: சொன்னா குடுத்துருவான், அது எனக்குத் தெரியும். ஆனா நீ பெபினா நின்னு கேட்டியே, முதுகு ஒடிஞ்சவனுக்கு என்ன மிஞ்சும்னு... அதுக்கு இப்பவும் பதில் இல்ல. தீர்ப்பு ஒண்ணுதான்.

இன்பமணி: ஒண்ணை வச்சு எப்பிடிப் பொழைக்க?

யேசுராஜ்: ஊர்ல ஏதாவது ஜோலி பாக்கேன். தலைவர் வேலை தவிர வேற ஒண்ணும் தெரியாது, இருந்தாலும் பாக்கேன்.

இன்பமணி: அழ வைக்காதீங்க... ஒண்ணு கேக்கேன். எனக்கு வேலை இல்லன்னு தெரிஞ்சுமா தினமும் எந்திச்சு சோறு பொங்கி, மீன் வறுத்து, டூட்டிக்குன்னு கெட்டித் தந்தீங்க?

யேசுராஜ்: ஊரெல்லாம் எனக்கு அஞ்சு பதவி உண்டும்னு சொல்லுது, பிள்ளே. நெசமா நான் பாத்த ஜோலி அது ஒண்ணுதான். நீ டூட்டி இல்லன்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே எனக்கும் வேலை போயிருக்கும்.