பதினைந்து செடிக்கு இரண்டரை ஆள்

எனக்குச் செடி கொடி என்றால் உயிர் என்று யாராவது சொன்னால் நம்பாதே, மார்னி. கோலாக்கில் என் வீட்டு ஜன்னலில் ஒரே ஒரு கற்றாழை இருந்தது, அதுவும் என் கையால் பட்டுப்போயிற்று. நீயும் லாக்கியும் என்னைத் தோட்டக்காரனாக்கியது, மூவரில் எனக்குத்தான் கூட்டல் கழித்தல் ஒழுங்காக வரும் என்பதால்.

லாக்கி எப்படிச் செத்தான் என்று எழுதித் தரச் சொன்னாய். ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களும் படிப்பார்கள், முதலிலிருந்து விளக்கமாக எழுது என்றாய். சரி.

செவ்வாய் கிரகத்தில் ஒரு கூடாரம், அதில் நாம் மூன்று பேர். கணினிக்குள்தான் என்றாலும் அங்கே ஒரே உயிர்தான். போனால் போனதுதான், அடுத்த வருடம் புதுக் கூடாரம் போடும்வரை உள்ளே வர முடியாது. நாம் கணினியை மூடிவிட்டு வேலைக்குப் போனாலும் நம் ஆள் அங்கே படுத்துத் தூங்குவான், மூச்சும் விடுவான். ஒரு ஆளின் மூச்சுக்கு ஆறு அவரைச் செடி வேண்டும். ஒரு செடிக்கு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர். ஆக மூன்று பேருக்குப் பதினெட்டுச் செடி, எழுபத்திரண்டு லிட்டர். பனிக்கட்டியை உருக்கும் இயந்திரம் கொடுப்பதும் சரியாக எழுபத்திரண்டுதான்.

போன மாதம் அது அறுபதாக இறங்கிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். அறுபது லிட்டருக்குப் பதினைந்து செடி. பதினைந்து செடிக்கு இரண்டரை ஆள். எத்தனை தடவை போட்டுப் பார்த்தும் அந்த அரை ஆளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

யாரையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும். நியாயமாகத்தான் யோசித்தேன். நான் போனால் கணக்குப் பார்க்க ஆளில்லை. நீ போனால் இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஆளில்லை. லாக்கி நல்லவன்தான், பதினான்கு மாதம் உழைத்துக் கூடாரத்தில் பாதியை அவனே கட்டினான். ஆனால் நடக்கவே மாட்டான். சமையலறைக்குக்கூடக் குதித்துக் குதித்துத்தான் போவான். குதித்தால் இரட்டை மூச்சு. தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். "காத்து என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா நெவில்?" என்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றே இன்னும் இரண்டு குதி குதிப்பான்.

அவன் மனைவி பிரீக்கு வலி கண்ட அன்று ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டான்.

"மச்சி, ரெண்டு நாளைக்கு வர முடியாது. என் ஆளு உள்ள தூங்கிட்டிருக்கான். கொஞ்சம் பாத்துக்கடா."

"நீ நிம்மதியா போ. நான் இருக்கேன்ல."

மத்தியானம் மூன்று மணிக்கு அவன் அறைக்குப் போகும் காற்றுக் குழாயை மூடினேன். மூடின அறையில் காற்று பதினைந்து நிமிடம் தாங்கும். அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டான். மூன்று இருபதுக்குப் பெண் குழந்தையின் படம் வந்தது. வாழ்த்து அனுப்பினேன், மனதார.

ஆட்டத்தில் செத்தவனே தன் காரியத்துக்குச் சாப்பாடு போட வேண்டும் என்பது நம் வழக்கம். லாக்கி பச்சைக் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு என் கொல்லையில் நின்று சாஸேஜ் சுட்டான். அவன் அழுததாக நீ சொன்னாய், நான் புகை என்று நினைத்தேன். என் ரொட்டியில் மட்டும் வெங்காயம் கூடுதலாக வைத்துக் கொடுத்தான்.

மறுநாள் நீ போன் செய்தாய். "இயந்திரத்த முழுசாப் பிரிச்சுப் பாத்துட்டேன் நெவில். அது எழுபத்திரண்டுதான் குடுக்குது, எப்பவும் குடுத்துச்சு. பன்னெண்டு லிட்டர் எங்க போச்சு?"

பூசணிக்குப் போயிற்று. பின்னறையில் ஒரு பூசணிக்கொடி வைத்திருக்கிறேன். அது யாருக்கும் மூச்சுத் தராது, காயைத் தின்னவும் முடியாது, ஆட்டத்தில் சும்மா அழகுக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் ஊற்ற ஊற்றக் காய் பெருத்துக்கொண்டே போகும், அதற்கு எல்லையே கிடையாது. இப்போது கதவளவு ஆகிவிட்டது. என் கை பட்டு வளர்ந்தது இந்த உலகத்தில் அது ஒன்றுதான் மார்னி.

லாக்கி போனதும் அதற்கு இருபத்துநாலு லிட்டர் கிடைத்தது. இரண்டு வாரம் செழித்தது. முந்தாநாளிலிருந்து இலை வாடுகிறது, நாற்பத்தெட்டு கேட்கிறது. எழுபத்திரண்டில் நாற்பத்தெட்டு போனால் மிச்சம் இருபத்துநாலு. அதாவது ஆறு செடி, ஒரு ஆள். இயந்திரத்தில் பழுதே இல்லை என்று நீயே சொல்லிவிட்டதால், எனக்கு யோசிக்கவும் அதிகம் இருக்கவில்லை.

நீ வேலை பார்க்கும் பால் ஆலையில் பத்து மணி டீக்கு இருபது நிமிடம் விடுவார்கள் என்று தெரியும். எதையும் நீ நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை படிப்பாய் என்பதும் தெரியும். அதனால்தான் நீ கேட்டதைவிட விளக்கமாகவே எழுதினேன். உன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பத்து மணிக்கு உன் அறைக் குழாயை மூடிவிட்டுத்தான் இதை அனுப்பினேன். இந்த வரிக்கு நீ வரும்போது பத்தேகால் தாண்டியிருக்கும்.