இரவல் மணி

முந்தி முந்தி, வேதக்கோயிலுக்கு ஓடு போடாத காலம். செம்மணல் மேடு மேடாக் கெடக்குற தேரிக்காட்டு ஓரமா கருக்குவிளைன்னு ஒரு ஊரு. இந்த ஊருதான். ஆனா இப்படி இல்ல. அப்போ ரெண்டே தெரு. வடக்குத்தெரு ஒண்ணு, தெக்குத்தெரு ஒண்ணு. நடுவுல செம்மணல் பொட்டல். பொட்டலுக்கு நடுவுல ஓலை வேய்ஞ்ச கோயிலு. வடக்க பொறந்தவள தெக்க கெட்டிக் குடுப்பாவ. தெக்க பொறந்தவள வடக்க கெட்டிக் குடுப்பாவ. அப்படித்தான் ஊரு ஓடிச்சாம்.

அந்த ஊருல யேசுவடியாள்னு ஒருத்தி. வடக்க பொறந்தவ, தெக்க வாக்கப்பட்டவ. அவளால ஒரு எடத்துல இருக்க முடியாது. இருந்தா எந்திரிப்பா, எந்திரிச்சா நடப்பா, நடந்தா நிப்பா, நின்னா திரும்பி நடப்பா. அவ புருசன் தவசிமுத்து பனையேறி. பொறுமைசாலி. "ஏட்டி, சோறு தின்னு முடிக்குற வரைக்குமாவது குத்தவச்சு இரேன்"ம்பானாம். அவ உருண்டைய வாயில போட்டுக்கிட்டே வாசலப் பாப்பாளாம்.

சும்மா பாக்கல. பொட்டலுக்கு அந்தப் பக்கம் அவளப் பெத்த ஐயா வீடு தெரியும். அதத்தான் பாப்பா.

அவ ஐயா பேரு மாசிலாமணி. கொழும்புல ஒரு தொரை பங்களாவுல தோட்டவேலை பாத்துட்டு வந்தவிய. வரும்போது ஒரு பெட்டி நெறைய, கிறிஸ்மஸ் மரத்துல தொங்கவிடுற கண்ணாடிமணி கொண்டாந்தாவளாம். தொரை வீட்டம்மா பழசுன்னு கழிச்சுக் குடுத்தது. ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்ச, ஒண்ணு நீலம், ஒண்ணு வெள்ளிச்சாயம் பூசினது. ஊதினா ஒடஞ்சிரும்னு தோணும், அப்படி லேசு. வருசாவருசம் கிறிஸ்மஸுக்குச் சவுக்குக் கொப்பு ஒண்ண மண்பானையில நட்டு, மணியெல்லாம் கெட்டித் தொங்கவிடுவாவ. பொண்டாட்டி இருந்தவரைக்கும் பொண்டாட்டி, அவ செத்த பொறவு மக. கெட்டிக் குடுத்த பொறவும் யேசுவடியா போவா. ஐயாவுக்குக் கண்ணு மங்கிட்டுல்லா? அவ ஒவ்வொரு மணியா எடுத்து, "ஐயா, இது நீலம். ஐயா, இது செவப்பு"ன்னு சொல்லச் சொல்ல, அவிய கையால தடவிப் பாத்துச் சிரிப்பாவளாம்.

தெக்குத்தெருவுல இந்த மாதிரி மணி கெடையாது. அங்க எல்லாம் கைவேல. ஓலைக்கிளி, ஓலைமீனு, சுண்ணாம்பும் காவியும் பூசின பனங்கொட்டை. அதுலயும் யேசுவடியாளுக்கு மாமனாரு அருளானந்தம் பெரியவிய முடையுற கிளி இருக்கே, நெசக்கிளி வந்து பக்கத்துல உக்காருமாம். அப்படிச் சொல்லுவாவ.

இப்படி இருந்த ஊருல ஒரு வருசம் சண்டை வந்துட்டு.

என்ன சண்டை? கிறிஸ்மஸுக்குக் கோயில்ல வைக்க பெரிய சவுக்கு மரம் வந்திருக்கு. அதுக்கு உச்சியில எந்தத் தெரு நட்சத்திரத்தக் கெட்டுறதுன்னு சண்டை. ஒரு நட்சத்திரத்துக்காய்யா அடிச்சுக்கிட்டாவன்னு கேப்பிய. நட்சத்திரத்துக்கு இல்ல, உச்சிக்கு. "எங்க நட்சத்திரம் கொழும்புக் காயிதம்"னு வடக்க சொன்னாவ. "எங்க நட்சத்திரம் எங்க கையி"ன்னு தெக்க சொன்னாவ. பேச்சு வளந்து வளந்து, வடக்குத்தெரு பாக்கியநாதன் சடசடன்னு ஏணியில ஏறிட்டான். கீழ நின்ன அருளானந்தம் பெரியவியளுக்கு வந்ததே கோவம். "எறங்குல!"ன்னு சொல்லி ஏணியப் பிடிச்சு இழுத்தாவ. பாக்கியநாதன் விழுந்தான். காலு முறிஞ்சது.

அந்தப் பாக்கியநாதன் யாரு தெரியுமா? பெரியவியளுக்குச் சொந்த மருமவன். ஒத்த மக ஞானதீபத்தக் கெட்டினவன். அவ அப்போ நெறமாசம்.

அவ்வளவுதான். கோயிலப் பூட்டிட்டாவ. வடக்கன் தெக்க வரப்பிடாது, தெக்கன் வடக்க போவப்பிடாது, பொட்டல்ல கால் வச்சவனுக்கு ஊருவிலக்குன்னு ரெண்டு தெருவுலயும் கூட்டம் போட்டுப் பேசிட்டாவ. தெக்க அந்த உத்தரவப் போட்டது அருளானந்தம் பெரியவியதான். "அந்தத் தெருப் பேச்சு இந்த வீட்டுல வரப்பிடாது"ன்னு வீட்டுலயும் சொல்லிட்டாவ. ஞானதீபம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டியவ. வரல. பிள்ளை பொறந்துட்டுன்னு காத்துவாக்குல சேதி வந்தது. ஆணா பொண்ணான்னு கேக்கப் பெரியவியளுக்கு வாய் வரல. சொல்ல மத்தவங்களுக்குத் தைரியம் வரல.

யேசுவடியாளுக்கு இருப்புக் கொள்ளுமா? இருந்தா எந்திரிச்சா, எந்திரிச்சா நடந்தா, நடந்தா நின்னா. தண்ணி இருக்குற குடத்தக் கவுத்திட்டுக் கெணத்துக்குப் போவா. கெணத்தடியில நின்னாத்தான் ஐயா வீட்டு வாசல் நல்லாத் தெரியும். பண்டிகை நெருங்க நெருங்க அவ குடத்துல தண்ணியே நிக்கலியாம்.

பண்டிகைக்கு முந்தின நாளு வந்தது. அன்னைக்கும் கெணத்தடியில நின்னு பாத்தா. ஐயா வாசல்ல சவுக்குக் கொப்பு நிக்கி. மொட்டையா நிக்கி. ஐயா பெட்டியத் தொறந்து வச்சு, தடவித் தடவி ஒரு மணிய எடுத்தாவ. கொப்பத் தேடினாவ. கொப்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். மணி விழுந்துட்டு. பொறவு அந்த மனுசன் மண்டி போட்டு, தரையெல்லாம் கையால தொழாவி, ஒடஞ்ச கண்ணாடியப் பொறுக்குதாவ. பொறுக்கப் பொறுக்கக் கையி செவக்குது. இங்க நின்ன இவளுக்குத் தெரியுது. அவியளுக்குத் தெரியல.

குடம் கெணத்தடியிலயே கெடந்தது. யேசுவடியா வீட்டுக்கு ஓடியாந்தா. முத்தத்துல நின்ன சவுக்குக் கொப்புல இருந்து ஓலைக்கிளி ஒண்ண அவுத்தா. மத்தியான வெயிலு. எல்லாரும் பாக்கத் தெருவுல எறங்கி நடந்தா.

தெருமுக்குல மாமனாரு நிக்காவ.

"எங்க போற?"

"இரவல் வாங்கப் போறேன் மாமா."

"என்ன இரவலு?"

"நம்ம மரத்துக்குக் கண்ணாடிமணி ஒண்ணு. சும்மா வாங்கிட்டு வரப்பிடாதுல்லா? அதான் ஒங்க கிளியக் குடுத்துட்டு வாங்கிட்டு வாறேன்."

"யாருட்ட வெளாடுத? பொட்டல்ல கால் வச்ச, திரும்ப இந்த வாசல்ல ஏறப்பிடாது."

யேசுவடியாளுக்குக் காலு நிக்கல. "ஊருவிலக்குன்னாலும் உப்பும் நெருப்பும் இரவல் கேட்டா குடுக்காவல்லா மாமா? அது மாதிரி நெனச்சுக்கிடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே நடந்தா. தவசிமுத்து அன்னேரம் ஓலை கழிக்கப் பனையில ஏறியிருந்தான். செம்மணல்ல தன் பொண்டாட்டி ஒத்தையில போறத உச்சியில இருந்து பாத்தான். ஓலை வெட்டுறத நிறுத்திட்டு, அவ அந்தக் கரை ஏறுற வரைக்கும் மட்டைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தானாம்.

வடக்குத்தெருவுல நாலஞ்சு பேரு மறிச்சாவ. "இங்க எதுக்கு வந்த?"

"இரவல் வாங்க. இந்தா, பதிலுக்கு இது." கிளியத் தூக்கிக் காட்டினா. ஒரு ஓலைக்கிளியக் கையில வச்சிருக்குற பொண்ண என்ன செய்யன்னு அவியளுக்குத் தெரியல. வழி விட்டுட்டாவ.

ஐயா கையிலருந்து கண்ணாடிச் சில்லெல்லாம் எடுத்து, கழுவி, துணி சுத்தினா. "நீ ஏன் மக்கா வந்த? ஒன்ன வெளியேத்திருவாவளே"ன்னு அவிய அழுதாவளாம். "கையக் காட்டுங்க மொதல்ல"ன்னுட்டா. பொறவு பெட்டிய எடுத்து வச்சு மணியெல்லாம் கெட்டினா. "ஐயா, இது பச்ச. ஐயா, இது வெள்ளி." சொல்லுதா, ஆனா கண்ணு வாசல்லதான். நடுவுல தெக்குத்தெருக் கிளியையும் தொங்கவிட்டா. ஐயா அதத் தடவிப் பாத்து, "அருளானந்தம் முடைஞ்சதுல்லா? வாலு அவன் வாலு"ன்னாவ. நீலம் எதுன்னு அவட்ட கேட்டு, அந்த மணியத் தடவி எடுத்து அவ கையில வச்சாவ.

"இது இரவல்தான். கேட்டியா? பண்டிகை கழிச்சு நீயேதான் கொண்டாந்து குடுக்கணும். வேற ஆளுட்ட குடுத்துவிட்டா வாங்க மாட்டேன்."

அவ எறங்கும்போது ஓடியாந்தா ஒருத்தி, அவ நாத்தனா. ஞானதீபம். பச்ச ஒடம்புக்காரி, மூச்சு வாங்குது.

"மைனி, எங்க ஐயா எப்படி இருக்காவ?"

"இருக்காவ. ஒம் புருசன் காலு எப்படிட்டி இருக்கு?"

"கெட்டுப் போட்டுக் கெடக்காவ. மைனி, எங்க வீட்டுலருந்தும் ஒரு இரவல் கொண்டு போறியளா?" மடியில இருந்து எடுத்துக் குடுத்தா. பிள்ளைக்கு ஆட்டுற ஓலைக்கிலுக்கு. உள்ள குன்னிமுத்து போட்டது. "எங்க ஐயா மரத்துல இதத் தொங்கவிடுங்க. நீங்களா ஒண்ணும் சொல்லாதிய."

யேசுவடியா சரின்னு சொல்லி வாங்கிக்கிட்டுத் திரும்பி வந்தா. வாசக்கதவு சாத்திக் கெடக்கு. உள்ள தாப்பாள். தட்டினா, தொறக்கல. பயம் அப்பத்தான் வந்துதாம் அவளுக்கு. முத்தத்துல இந்தப் பக்கம் நடந்தா, அந்தப் பக்கம் நடந்தா. தெருவே நின்னு வேடிக்க பாக்கு. தவசிமுத்து பனையில இருந்து எறங்கி வந்தான். கதவப் பாத்தான், அவளப் பாத்தான். இடுப்புல கெடந்த அரிவாள்பெட்டியக் கழட்டி முத்தத்துல வச்சான்.

"ஐயா! இவ வெளிய நின்னா நானும் வெளியதான் நிக்கேன். ஒங்களுக்குச் சோறு பொங்க வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

தாப்பாள் அசையல.

யேசுவடியாளுக்குக் கையச் சும்மா வச்சிருக்க முடியல. முத்தத்துச் சவுக்குக் கொப்புல நீல மணியக் கெட்டினா. பக்கத்துல கிலுக்கக் கெட்டினா. மார்கழிக் காத்து தேரியில இருந்து வந்தது. கொப்பு ஆடிச்சு. கிலு, கிலு, கிலு.

உள்ள பெரியவிய காதுல விழுந்துட்டு. திரும்பவும் கிலு, கிலு, கிலு. தாப்பாள் எறங்குற சத்தம் கேட்டது. பெரியவிய வெளிய வந்தாவ. மகனப் பாக்கல, மருமவளப் பாக்கல, கொப்பப் பாத்தாவ.

"இது என்ன?"

"இரவலு மாமா."

"யாரு வீட்டது?"

யேசுவடியா சொல்லல. அவ வாக்குக் குடுத்திருக்கால்லா? "மோந்து பாருங்க"ன்னா.

பெரியவிய கிலுக்க அவுத்து மூக்குக்கிட்ட கொண்டு போனாவ. வசம்பு வாசம். பால் வாசம். மெள்ள ஒருக்கா ஆட்டிப் பாத்தாவ.

"ஆணா, பொண்ணா?"

"ஆண்பிள்ளை மாமா."

பெரியவிய முத்தத்துல உக்காந்தாவ. எந்திரிச்சாவ. முருங்கமரம் வரைக்கும் போனாவ. திரும்பி வந்தாவ. திரும்பவும் உக்காந்தாவ. மருமவ இத்தன நாளும் பட்டதெல்லாம் ஒரே பொழுதுல அவியளப் பிடிச்சு ஆட்டிச்சாம். பொழுது சாயப் போகுது. திடீர்னு துண்ட எடுத்துத் தோள்ல போட்டாவ.

"பிள்ள ஆட்டுற பொருள இரவல் வாங்குவாவளாட்டி? அது அழும்லா? நான் போயிக் குடுத்துட்டு வாறேன்."

தெக்குத்தெரு முழுக்க முக்குல வந்து நின்னுட்டு. வடக்குத்தெரு முழுக்க அந்த முக்குல நின்னுட்டு. நடுப்பொட்டல்ல அந்த மனுசன் ஒத்தையில நடக்காவ. கையில கிலுக்கு. ஒவ்வொரு அடிக்கும் கிலு, கிலு. கோயில் வாசல்ல வந்ததும் நின்னுட்டாவ. திரும்பிருவாவன்னு எல்லாரும் நெனச்சாவ. யேசுவடியா இந்தக் கரையில நின்னு, "போங்க மாமா, போங்க மாமா"ன்னு வாய்க்குள்ளயே சொன்னாளாம். அவிய நடந்தாவ.

பாக்கியநாதன் கட்டில்ல கெடக்கான். மாமனார வாசல்ல பாத்ததும் கேட்டான்: "என்ன மாமா, கட்டிலயும் இழுத்துட்டுப் போவ வந்தியளா?"

மன்னிப்புன்னு ஒரு வார்த்த பெரியவிய வாயிலருந்து வரலன்னுதான் சொல்லுதாவ, அன்னைக்கும் வரல, பொறவும் வரல. கட்டில் ஓரமா மண்ணுல உக்காந்தாவ. கெட்டுப் போட்ட கால மடியில தூக்கி வச்சு நீவினாவ. நீவ நீவ அழுதாவ. ஞானதீபம் பிள்ளையக் கொண்டாந்து அவிய கையில குடுத்தா. பாக்கியநாதன் சொவருப் பக்கம் திரும்பிக்கிட்டான். ஆனா கால இழுக்கல. அந்தக் காலு நேராவே இல்ல, கடைசி வரைக்கும் சாச்சுச் சாச்சுத்தான் நடந்தான்.

பெரியவிய வடக்க போனதப் பாத்ததும் தெக்குத்தெருப் பொம்பளைங்க ஒவ்வொருத்தியா வீட்டுக்குள்ள ஓடினாவளாம். ஒருத்தி மீன அவுத்தா, ஒருத்தி பனங்கொட்டைய அவுத்தா. "நானும் இரவல் வாங்கப் போறேன்", "நானும் போறேன்." வடக்கருந்து தெக்க பாதிப்பேரு, தெக்கருந்து வடக்க பாதிப்பேரு. எல்லாவளுக்கும் அந்தப் பக்கம் அம்மை இருக்கு, அக்கா இருக்கு, மக இருக்கு. பொட்டல்ல அன்னைக்குப் பதிஞ்ச காலடி மறுநாள் காத்துக்கும் அழியலன்னு சொல்லுவாவ.

அதுலருந்துதான் இந்த ஊருல, சொந்தப் பொருள மட்டும் வச்சு எந்த வீட்டுலயும் மரம் கெட்டுறது கெடையாது. எத்தன வாங்கித் தொங்கவிட்டாலும், எதிர்த்தெருவுலருந்து இரவல் வாங்கின ஒண்ணு தொங்கணும். அத வாங்கினவங்களேதான் கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கணும், ஆளனுப்பப்பிடாது. போயிட்டு ஒரு வாய் காப்பி குடிக்காம வரவும்பிடாது. பொட்டல்ல இப்போ சிமென்ட் ரோடு போட்டாச்சு. ஆனா அன்னைக்கு விழுந்த பேரு மாறல, இரவல்தடம்தான்.

சண்டை இல்லாமலா போயிட்டு? அதெல்லாம் இருக்கு. போன வருசம் வாய்க்கா வரப்புல தெக்க ஒரு வீட்டுக்கும் வடக்க ஒரு வீட்டுக்கும் அடிதடி. கேஸாகிக் கோர்ட்டுல நிக்கி. அந்த ரெண்டு வீடும் மூஞ்சி பாக்காது. ஆனா கிறிஸ்மஸுக்கு முந்தின நாளு தெக்க வீட்டு மனுசி ஒரு ஓலைக்கிளியப் பிடிச்சுக்கிட்டு வடக்க வீட்டு வாசல்ல வந்து நின்னா. உள்ளருந்து அந்த வீட்டுக்காரி ஒரு மணியக் கொண்டாந்து குடுத்தா. பண்டிகை கழிஞ்சு திருப்பிக் குடுக்க வந்தப்போ காப்பிய மட்டும் நின்னுக்கிட்டே குடிச்சுட்டுப் போனா. இந்த வருசம் உக்காருவாளோ என்னவோ, தெரியல.