நூற்றுப் பதினேழாவது பிளாக்

இந்த ஸ்டேஷன் அறைக்கு மேலே வெறும் தகரம்தான் போட்டிருக்கிறார்கள், மேடம். மதியம் இரண்டு மணிக்கு மேல் இங்கே உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தலை வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தகரத்துக்கு அடியில் இரண்டு அங்குல நுரை அட்டை ஒட்டினால் போதும், மனிதர் இருக்கிற மாதிரி ஆகிவிடும். விற்பதற்காகச் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் நுரை ஆலையில் கிடந்தவன். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் கண் முதலில் கூரைக்குத்தான் போகிறது.

என் தங்கை கணவரைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர். அதை முதல் வரியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆலையில் அவருக்கு ‘அரைகிராம்’ என்று பட்டப்பெயர். தராசில் அரை கிராம் கூடினாலும் திரும்ப எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான், தங்கையைக் கொடுத்ததும் நான்தான். எங்களுக்குள் ஒரு நாள் குரல் உயர்ந்ததில்லை.

எங்கள் வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு திரவங்கள். சேர்த்துக் கலக்கி, ஆள் நீளத்துக்கு மேல் இருக்கிற மரப்பெட்டியில் ஊற்றி மூடினால், மூன்று நிமிஷத்தில் பொங்கிப் பெட்டி நிறைய இறுகிவிடும். மேல்பக்கம் மேடு தட்டாமல் இருக்க மூடியின் மேல் ஆள் ஏறி உட்கார்ந்துகொள்வோம். இரண்டு நாள் ஆறவிட்டுப் பெட்டியைக் கழற்றினால் அதுதான் பிளாக். அதை அட்டையாக அறுத்து மீன் கிடங்கு, மருந்துக் கிடங்கு, தண்ணீர்க் குழாய் என்று எங்கே சூட்டைத் தடுக்க வேண்டுமோ அங்கே ஒட்டுவார்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வெறும் காற்று மாதிரிதான். அதனால் நுரையை யாரும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். காற்றுக்கு யார் வாடகை கொடுப்பார்கள்?

போன வருஷம் கொடுத்தார்கள். அந்த இரண்டு திரவங்களைக் காய்ச்சுகிற பெரிய ஆலைகள் உலகத்திலேயே கொஞ்சம்தான். அதில் இரண்டு, ஒரே மாதத்தில் படுத்துக்கொண்டன. ஒன்றில் விபத்து, இன்னொன்றில் பழுது. கப்பல்கள் வேறு ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தன. பெரிய நாட்டுக்காரர்கள் எல்லாம், வரைபடத்தில் எங்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாதவர்கள்கூட, நுரை கொடு, அறுக்காமல் பிளாக்காகவே கொடு என்று வந்து நின்றார்கள். முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்த ஆர்டர் மூன்று பங்கு, கிடைத்த சரக்கு ஒரு பங்கு.

எதையாவது குறைத்தாக வேண்டும். எதைக் குறைக்கலாம் என்று யோசித்தவன் நான். தீப்பிடிக்காமல் இருக்க ஒன்று சேர்ப்போம். மருந்து என்போம் நாங்கள். அது சூட்டைத் தடுக்காது, பலம் தராது, கண்ணுக்கும் தெரியாது. வராமலே போகக்கூடிய ஒரு நாளுக்காக அது உள்ளே சும்மா இருக்கும். அதை விட்டுவிட்டோம். வாங்குகிறவர்கள் எரித்துப் பார்க்கிற பரிசோதனைத் துண்டுகளில் மட்டும் போட்டோம். அந்தத் துண்டுகளை ஊற்றியதும் நான், ‘எல்லாச் சரக்கும் இதே கலவை’ என்று தாளில் கையெழுத்துப் போட்டதும் நான். மாப்பிள்ளைக்கு மருந்து டப்பா வரவில்லை, அடுத்த மாதம் வரும், புதுத் திரவத்தில் ஏற்கெனவே கலந்திருக்கிறது என்று ஏதேதோ சொல்லிவைத்தேன். நான் சொன்னால் நம்புவார்.

பிறகு ஒரு மீன் கிடங்கு எரிந்தது. எங்கோ கடல் தாண்டி. ஒன்பது பேர், எல்லோரும் மீன் நறுக்குகிற பெண்கள். அது செய்தியில் இரண்டு நாள் ஓடியது. மாப்பிள்ளை கைபேசியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இடிந்த சுவர் ஒன்றின் படம். ஓரத்தில் எரியாமல் தப்பிய ஒரு துண்டு. அதில் தடித்த பேனாவால் பாதி எண்ணும் ஒரு கையெழுத்தும்.

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளாக்கை ஊற்றியவன் எவனோ அவனே பக்கவாட்டில் எண், ஊற்றிய நேரம், கையெழுத்து மூன்றையும் போட வேண்டும். கையெழுத்து இல்லாத பிளாக்கை ஏற்றுமதி வண்டிக்காரன் தொடமாட்டான்.

“மச்சான், இது நான் ஊத்துனது. என் கையெழுத்து.”

“கதவை வெளிய பூட்டி வச்சிருந்தாங்களாம், மாப்பிள்ளை. அதனாலதான் செத்தாங்க. முழுசா படிச்சுப் பாத்தீங்களா?”

“பூட்டு எரியல மச்சான். செவுருதான் எரிஞ்சுது.”

அன்று மாலை அவரே பரிசோதனைத் துண்டு ஒன்றையும் கிடங்குத் துண்டு ஒன்றையும் கொல்லைப்புறம் எடுத்துப் போய்த் தீக்குச்சி வைத்துப் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் பூசி மெழுக ஒன்றும் இல்லை. எந்தெந்த எண், எந்தெந்த நாட்டுக்கு, எந்தக் கட்டடத்துக்கு என்று ஒரு பட்டியல் எழுதினார். இன்னும் பதினொரு கட்டடங்கள் இருந்தன. திங்கட்கிழமை வாங்குகிறவர்கள் தரப்பில் ஒரு சோதனையாளர் வருவதாக இருந்தது. அவர் கையில் பட்டியலைக் கொடுக்கப்போவதாக என்னிடமே சொன்னார். ஒளித்துச் செய்யத் தெரியாத மனிதர். அதுதான் அவரிடம் இருந்த குறை.

பட்டியல் போனால் நான் உள்ளே போவேன். சரி, அதை விடுங்கள். நூற்று நாற்பது குடும்பம் அந்த ஆலையை நம்பி அடுப்புப் பற்றவைக்கிறது. அதை யாரும் எண்ணிப் பார்க்கிறதில்லை. சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் பேசினேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் நின்றார். நான் கிளம்பும்போது தங்கை வாசல்வரை வந்தாள்.

“அண்ணே, அவரு ஒரு வாரமா கண்ணே மூடல. சாப்பாடும் எறங்கல. நீதான் எதாவது வழி பண்ணணும்.”

என் தங்கை என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை, மேடம். அப்படி வளர்த்தேன் அவளை. கேட்டுவிட்டாளே என்று வண்டியில் போகும்போது எனக்குக் கண் கலங்கியது. வழி பண்ணத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறை. காலையில் அவருக்குப் போன் போட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி, மருந்தைச் சரியான அளவில் போட்டு ஒரு பிளாக் ஊற்றுவோம், பழைய பிளாக்கையும் இதையும் பக்கத்தில் வைத்து நாமே சோதனையாளரிடம் சொல்லிவிடுவோம் என்றேன். பதினொரு மணிக்கு வந்தார். ஒரு வாரத் தாடியை மழித்திருந்தார். “மச்சான், எனக்குத் தெரியும், நீங்க விட மாட்டீங்கன்னு,” என்றார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

மருந்தை அரை கிராம் பிசகாமல் நிறுத்தார். முதல் திரவத்தில் கலந்தார். இரண்டாவதை நிறுத்துத் தனியாக வைத்தார். பிறகு பெட்டிக்குள் குனிந்து அடியில் காகிதம் விரித்தார். நுரை மரத்தில் ஒட்டாமல் இருக்க எப்போதும் விரிப்போம். கலக்குகிற இரும்புக் கம்பி என் கையில் இருந்தது.

முதல் அடி தலையில் விழ வேண்டியது. காகித மடிப்பை நேராக்க அவர் நகர்ந்ததால் தோளில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்து, “பாத்து மச்சான்,” என்றார். கம்பி கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது அடி காதுக்கு மேலே. உள்ளேயே விழுந்தார். மூன்றாவது அடியில் நெற்றி உள்வாங்கியது. நான்காவது பெட்டி விளிம்பில் பட்டது, அதை எண்ண வேண்டாம். ரத்தம் முழுக்கக் காகிதத்தில்தான். தரையில் ஒரு சொட்டு இல்லை. கால்களை மடக்கி வைத்தேன், கண்ணாடியைக் கழற்றி அவர் சட்டைப்பையில் போட்டேன்.

இறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். உயிர் இருந்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். உயிரோடு இருக்கிற ஆளை அப்படிச் செய்கிற ரகம் இல்லை நான்.

இரண்டாவது திரவத்தைச் சேர்த்துக் கலக்கி ஊற்றினேன். மூடியைப் போட்டு மேலே உட்கார்ந்தேன். நுரை எழும்பும்போது பெட்டி முனகும், மூடியில் அங்கங்கே தட்டும். இருபத்தாறு வருஷமாகக் கேட்கிற சத்தம். வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம் நாங்கள் அனுப்பியதில் சரியான அளவு மருந்து போட்டது அந்த ஒரு பிளாக்தான். அதில் தீக்குச்சி வைத்தால் கருகும், பற்றாது.

அதை எங்கே கொண்டு போவது? கழிவு என்று ஒதுக்கினால் எங்கள் ஆலையிலேயே போட்டு அரைப்பார்கள். புதைக்க இடம் ஏது? வெளிநாட்டுக்கு அறுக்காமல் போகிற பிளாக் ஒன்றுதான் இங்கே யாரும் திறந்து பார்க்காதது. நுரையை யாரும் எடை போடுவதும் இல்லை. கன்டெய்னர் நிறைந்ததா என்று பார்ப்பார்களே தவிர, கனத்ததா என்று பார்க்க மாட்டார்கள். ஆனால் கையெழுத்து இல்லாமல் வண்டி ஏறாது. அதனால் போட்டேன். எண் நூற்றுப் பதினேழு, நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு, என் கையெழுத்து. வேறு யாருடையதையாவது கிறுக்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. நான் ஊற்றிய பிளாக்கில் இன்னொருவன் பெயரை எழுத என் கைக்கு வராது.

திங்கட்கிழமை சோதனையாளர் வந்தார், துண்டுகளை எரித்துப் பார்த்தார், திருப்தியாகப் போனார். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தூக்கும் வண்டியை நானே ஓட்டி அந்த பிளாக்கைக் கன்டெய்னரின் உள்பக்க மூலையில் வைத்தேன். புதன்கிழமை உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து காணவில்லை என்று புகார் கொடுத்ததும் நான்தான். உங்கள் ஆள் டீ வாங்கிக் கொடுத்தார். தீ விபத்துக்குப் பயந்து எங்கேயோ போயிருக்கிறார், மனசு ஆறியதும் வருவார் என்று தங்கைக்குச் சொன்னேன். வாராவாரம் மளிகை வாங்கிக் கொடுத்தேன். அவள் இன்னும் இரண்டு தட்டு வைக்கிறாள். ஒன்றில் நான் சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, வாங்கிய நாட்டு ஆலையில் பிளாக்கை ரம்பத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பாதி அறுத்த பிறகு அவர் இடுப்பு பெல்ட்டின் கொக்கியில் சிக்கி ரம்பம் நின்றிருக்கிறது. அறுத்தவர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை என்றீர்கள். வருத்தமான விஷயம்தான்.

இப்போது அறுத்த பிளாக்கின் இந்தப் படத்தை நீட்டி, அனுபவஸ்தர் நீங்களே சொல்லுங்கள், அவர் உயிரோடு இருந்தாரா என்று கேட்கிறீர்கள். உங்கள் டாக்டருக்குத் தெரியவில்லையா? நுரைக்குள் நூற்றைம்பது டிகிரி சூடு போகும், இரண்டு நாள் தணியாது. உடம்பில் படிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. நுரையைத்தான் படிக்க வேண்டும். என் கண்ணாடியைக் கொடுங்கள்.

அறுத்த முகம் சுத்தமாக இருக்கிறது. நல்ல ரம்பம். பாருங்கள், தொந்தரவு இல்லாமல் எழும்பிய நுரையில் துளைகள் அரிசியை நிறுத்தி வைத்த மாதிரி மேல்நோக்கி இருக்கும். கால் பக்கம் அப்படித்தான் இருக்கிறது. வலது கையைச் சுற்றிப் பாருங்கள். கிழிந்திருக்கிறது. மணிக்கட்டுக்குக் கீழே ஒரு கிழிசல், அதற்கு மேலே ஒன்று, மூடிக்கு நான்கு விரல் கீழே இன்னொன்று. நுரை எழும்ப எழும்பக் கையும் கூடவே மேலே வந்திருக்கிறது. வாய்க்கு முன்னால் ஒரு குழி. அது மூச்சு. செத்தவர் கை மூன்று இடத்தில் நுரையைக் கிழிக்காது. எங்கள் ஆலையில் இந்தத் துண்டு வந்திருந்தால் ‘இறுகுவதற்குள் அசைவு’ என்று எழுதி நிராகரித்திருப்பேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றை உங்கள் ஆட்கள் கவனிக்கவில்லை. துளைகள் எல்லாம் ஊசிமுனை மாதிரிப் பொடியாக இருக்கின்றன. சாதாரணக் கலவையில் இப்படி வராது. அந்த இரண்டும் போக, சீக்கிரம் இறுகுவதற்கு ஒரு திரவம் உண்டு, ஒரு பிளாக்குக்கு ஒரு தம்ளர்தான் கணக்கு. மாப்பிள்ளை நிறுத்து வைத்ததும் ஒன்றுதான். நான் கலக்கப் போகும்போது பெட்டிக்குள்ளிருந்து “மச்சான்” என்றார். ஒரு தடவைதான், மெதுவாக. நான் அலமாரிக்குப் போய் இன்னொரு தம்ளர் எடுத்துவந்து சேர்த்தேன். மூன்று நிமிஷம் ஆக வேண்டியது ஒரே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவர் ரொம்ப நேரம் கஷ்டப்படக் கூடாது அல்லவா, மேடம். என் தங்கை வீட்டுக்காரர்.