பொடி இல்லாத டப்பா

சுவாமிநாதன்: …அதான் சொல்றேனே, பொடியே இல்லாத டப்பாவுக்கு நேத்திக்கு தி.நகர்ல தள்ளுமுள்ளு. போலீஸ் வராததுதான் குறை.

சாய்நாத்: அத்திம்பேர், ரிடையர் ஆனதுலேர்ந்து உங்க கப்சாவுக்கு ஒரு அளவே இல்லாம போயிடுத்து.

நீரஜா: சாய், காபியைக் குடிச்சுண்டே கேளு.

சாய்நாத்: அக்கா, உன் பருப்புப் பொடிக்கு லேபிள் என்னாச்சுன்னு கேட்டா, இவர் கதை விட்டுண்டிருக்கார்.

சுவாமிநாதன்: லேபிள் கதைதான்டா இது. சிந்து டிசைன் அனுப்பினாளே, திறந்து பார்த்தியோ?

சாய்நாத்: எதுக்குப் பார்க்கணும்? கபாலி கோபுரம் இருக்கான்னு கேட்டேன், இல்லைன்னுட்டா. அப்பா போட்டோ? இல்லை. தாமரை, குத்துவிளக்கு… ஒண்ணும் கிடையாதாம். மொட்டை டப்பாவை எவன் தொடுவான்?

சுவாமிநாதன்: நீ எல்லாத்தையும் பெரிசு பண்ணச் சொல்லுவே, நான் எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுவேன். ரெண்டு பேருக்கும் தலையாட்டி அந்தப் பொண்ணுக்குக் கழுத்தே சுளுக்கிண்டுடுத்து.

நீரஜா: அவ தீர்மானமா சொல்லிட்டா. ரெண்டு பேரும் பேசி முடிச்சு ஒரே பதிலா, இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். இல்லைன்னா வேற வேலைக்குப் போயிடுவாளாம். கடைக்காரரும் காத்துண்டிருக்க மாட்டார். அப்புறம் என் பொடி இந்த அடுக்களையோட சரி.

சாய்நாத்: கோபுரத்தைப் போடச் சொல்லு, உடனே சரின்னுடறேன்.

சுவாமிநாதன்: கேளேன். என்ன கலர் வேணும்னு சிந்து என்னைக் கேட்கவே இல்லை. யார் வாங்குவா, எவ்வளவு தள்ளி நின்னு பார்ப்பான்னுதான் கேட்டா. கடையிலேயே வெச்சுப் பார்த்துடலாம்னு நாங்க முடிவு பண்ணினோம். ஒரு டப்பால அவ லேபிளை ஒட்டி, நாகராஜ் கடை அலமாரியில மத்த பொடிகளோட வெச்சோம்.

சாய்நாத்: கம்பெனிக்குப் பேரே இன்னும் முடிவாகலையே.

சுவாமிநாதன்: அதனாலதான் வெறுமனே 'பருப்புப் பொடி'ன்னு மட்டும் போட்டா. நான் அப்பள அடுக்குக்குப் பின்னால ஒளிஞ்சுண்டேன். பார்த்தா, நூறு பேர்…

சாய்நாத்: நூறா?

சுவாமிநாதன்: சரி, இருபது.

சாய்நாத்: அத்திம்பேர்…

சுவாமிநாதன்: …நாலஞ்சு பேர் நின்னு பார்த்தா. எடுத்துண்டு போனது ஒருத்தன்.

சாய்நாத்: ஒருத்தனும் இல்லை. உள்ள அரிசியை ரொப்பி வெச்சுட்டு, அதை ஒருத்தன் காசு குடுத்து வாங்கினான்னா…

நீரஜா: அரிசின்னு இவர் சொல்லவே இல்லையேடா.

சாய்நாத்: …சொன்னாரே.

நீரஜா: பொடி இல்லைன்னுதான் சொன்னார்.

சுவாமிநாதன்: கனம் வேணுமேன்னு சிந்துதான் அரிசியைப் போட்டா. அது அவளுக்கும் எனக்கும் நாகராஜுக்கும்தான் தெரியும். அப்புறம்… வாங்கிண்டு போனவனுக்கு.

சாய்நாத்: காபி ஆறிடுத்து, அக்கா.

நீரஜா: காபி கிடக்கட்டும்.

சுவாமிநாதன்: நீலச் சட்டை. கையில ஹெல்மெட். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறான், தனக்குத்தானே தலையை ஆட்டிக்கறான். நாகராஜ் தடுக்கப் போனார். பில் போட்டுடுங்கோன்னு நான்தான் ஜாடை காட்டினேன்.

சாய்நாத்: …என்னைப் பார்த்துட்டேளா?

சுவாமிநாதன்: அப்பளக் கட்டுக்கு நடுவுல தாராளமா இடம் இருந்தது.

நீரஜா: ஏன்டா, நான் குடுத்த பொடியே உங்காத்துல ஒரு பாட்டில் இருக்கே. அதை எதுக்கு வாங்கினே?

சாய்நாத்: முதல்ல சிந்துவுக்கு போன் போட்டு, சாய்நாத்தும் சரின்னுட்டான்னு சொல்லுங்கோ, அத்திம்பேர்.

சுவாமிநாதன்: அப்பாடா… சொல்லிடறேன். ஆனா உங்க அக்கா கேட்டதுக்குப் பதில்?

சாய்நாத்: …நடந்தது வாஸ்தவம்தான். வாங்கினது நான்தான். வேற ஏதோ பெரிய கம்பெனி சரக்குன்னு நினைச்சேன். ருசி பார்க்கலாம்னு சாதத்துல கொட்டினா, அரிசி. டப்பாவை மட்டும் அலம்பி வெச்சிருக்கேன்… இன்னிக்கு சிந்து முன்னால வெச்சு, லேபிள்னா எப்படி இருக்கணும்னு பார்த்துக் கத்துக்கோம்மான்னு சொல்றதுக்கு.