பவித்ராவிடம் யார் சொல்வது

"படுங்கோ! எல்லாரும் கீழ படுங்கோ!"

கத்துவது நான். தையல் மெஷினுக்கு அடியில் குப்புறக் கிடக்கிறேன். வாய்க்குள் பஞ்சுத்தூசி. முதலில் விசில் மாதிரி நீளமாக ஒரு சத்தம் வந்தது. நீராவி. திடீரென்று நின்றது. எண்ணினேன். நான்கு எண்ணுவதற்குள் தரை எங்களைத் தூக்கிப் போட்டது. பக்கத்துச் சாயப்பட்டறையின் பாய்லர் வெடித்துவிட்டது. எங்கள் கம்பெனியின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்து விழுகிறது. டியூப்லைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறுகின்றன. செவ்வாய்க்கிழமை. காலை பத்து நாற்பது. டீ இன்னும் வரவில்லை.

எல்லோரும் வாசலுக்கு ஓடுகிறார்கள். ஓடுகிறவர்கள் தலையில்தான் தகடு விழுகிறது. ஒருத்தி நெற்றியைப் பிடித்தபடி உட்கார்கிறாள். விரலிடுக்கில் ரத்தம். எங்கே படுப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வன்னியில் ஷெல்லடிக்குள் ஒன்பது வயதில் படித்தது.

அடுத்த மெஷின் இசக்கியம்மாளை நான்தான் இழுத்துக் கீழே போட்டேன். தென்காசிப் பக்கத்துக்காரி. இப்போது தலையைத் தூக்குகிறாள். சாயப்பட்டறைச் சுவரை ஒட்டிய சந்தில்தான் எங்கள் லைன் வீடுகள். அவள் மகள் பவித்ரா அங்கே இருக்கிறாள். எட்டு வயது. காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகவில்லை.

எழும்பாதே என்கிறேன். எழுந்துவிட்டாள். காலைப் பிடிக்கிறேன்.

"விடுக்கா, பிள்ள தனியா கெடக்கா."

விடவில்லை. உதைத்தாள். என் தாடையில் விழுந்தது. பிடி நழுவியது. சந்துக்குள் ஓடினாள். வெடிப்பில் விரிசல் விட்ட அந்தச் சுவர் அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தது. பத்து நாற்பத்திரண்டுக்குச் சரிந்தது. பெரிய சத்தம் இல்லை. லாரியிலிருந்து செங்கல் கொட்டுகிற சத்தம், அவ்வளவுதான்.

கையால் தோண்டினோம். நகம் பிய்ந்தது. சாயப்பட்டறையிலிருந்து இரண்டு வடநாட்டுப் பையன்களைத் தூக்கி வந்தார்கள். சட்டையைக் கழற்றப் போனால் தோலும் கூடவே வந்தது. ஒருவன் இந்தியில் தண்ணீர் கேட்டான். பிறகு கேட்கவில்லை. தரையெல்லாம் கருநீலச் சாயத் தண்ணீர். அதில் ரத்தம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இசக்கியம்மாளை எடுக்கும்போது பதினொன்றே கால். மூச்சு இல்லை. முகத்தில் இடது பாதி இல்லை.

லைன் வீடுகளில் ஜன்னல் கண்ணாடிதான் உடைந்திருந்தது. பவித்ரா கட்டிலுக்கு அடியில் இருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

அவளைப் பின்வழியாகத் தூக்கிப் போனவர் பாப்பாத்தி அக்கா. ஊத்துக்குளிக்காரர். எங்கள் கம்பெனியில் செக்கிங். அடுத்த தெருவில் அவர் வீடு. தோண்டுவதைக் குழந்தை பார்க்கக் கூடாது என்று கொண்டுபோனார். அதுவரை சரி. அம்மா எங்கே என்று குழந்தை கேட்டதற்கு, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், கால் கட்டுப் போட்டிருக்கிறது என்றார். அங்கே பிடித்தது சனியன்.

மாலைக்குள் லைன் முழுவதும் அதே பொய். குழந்தை வந்தால் அழுகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தாள். அப்பா மாரியப்பன் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகள் இருக்கும் தெருப் பக்கமே அவர் வரவில்லை. என்னால முடியாது, என்னால முடியாது என்று ஆஸ்பத்திரி வாசலில் மண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். மறுநாள் இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் உடலை ஊருக்குக் கொண்டுபோவது. அப்பா கூடப் போவது. குழந்தை இங்கேயே பாப்பாத்தி அக்காவிடம் இருப்பது.

நான் சண்டைக்குப் போனேன். பாப்பாத்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொழந்தை தாங்காது கண்ணு. பரீட்சை முடியட்டும். பதனமாச் சொல்லிக்கலாம்."

கெட்டவர்கள் சொன்னால் காறித் துப்பலாம். பாப்பாத்தி அக்கா தன் சோற்றை எனக்குப் போட்டவர். அவரை என்ன செய்ய?

2009, மே. வட்டுவாகல் பக்கம் பங்கருக்குள் இருக்கிறோம். தாகம். தண்ணி, தண்ணி என்று கத்தி அழுகிறேன். அம்மா குடத்தோடு வெளியே போகிறார். ஷெல் கூவுகிறது. விழுகிறது. மண் கொட்டுகிறது. சித்தி என் கண்ணைப் பொத்துகிறார். "கொம்மா பின்னால வாறா. திரும்பாத. நட!" நடந்தேன். மிதந்துகொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்தேன். பிறகு முள்கம்பி முகாம். பிறகு படகு. பிறகு இந்த நாட்டில் முகாம். அம்மா அடுத்த படகில் வருகிறார் என்றார் சித்தி. அதற்கடுத்த படகில் என்றார். பதினேழு வயதில்தான் உள்ளதைச் சொன்னார். அதுவரை எட்டு வருடம், தண்ணீர் கேட்டது நான்தான் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. வரப்போகிற அம்மாவுக்காக எப்படி அழுவது? அன்றிலிருந்து சித்தியோடு பேசவில்லை. போன வருடம் செத்தார். அப்போதும் பேசவில்லை. கொழுப்புத்தான். வேறென்ன சொல்ல.

புதன்கிழமை. காலை எட்டு மணி. பாப்பாத்தி அக்கா வீட்டு வாசல். பவித்ரா யூனிஃபார்ம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ரிப்பன் அவளே கட்டியது, கோணல். மடியில் பை. கையில் டிபன் பாக்ஸ். பள்ளிக்கூடம் என்றால் வயிற்றுவலி, தலைவலி என்று தினம் ஒரு வலி சொல்லும் பிள்ளை. இன்று போயே ஆக வேண்டும் என்கிறாளாம். பொறுப்பு வந்துவிட்டது பாருங்க என்று பாப்பாத்தி அக்கா கண்கலங்கினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்டேன். டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து மூடினாள். பிறகு என் காதுக்குள் சொன்னாள்.

"நேத்து எனக்குக் காய்ச்சல் இல்லக்கா. பொய் சொன்னேன். இனிமே தெனமும் ஸ்கூலுக்குப் போறேன். அம்மாவ வரச் சொல்லுங்க."

கோணல் ரிப்பனை அவிழ்த்து நேராகக் கட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாரியப்பன் பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார். குழந்தை சொன்னதை அப்படியே சொன்னேன். தண்ணீர் கேட்ட கதையையும் சொன்னேன். அதை நான் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவர் மரத்தில் தலையை முட்டினார். இரண்டு தடவை. மூன்றாவது தடவை நான் பிடித்துக்கொண்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் கூட நிற்கிறேன் என்றேன். வந்தார்.

பதினொரு மணி. அவர் மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். பாப்பாத்தி அக்கா தடுக்க வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் நின்றுவிட்டார்.

"பவி. அம்மா செத்துப்போயிட்டா. பாய்லர் வெடிச்சு, சுவர் விழுந்து செத்துப்போயிட்டா. இனிமே வரமாட்டா."

அவள் அடித்தாள். டிபன் பாக்ஸால் அவர் நெஞ்சில் அடித்தாள். முகத்தில் அடித்தாள். உதடு கிழிந்தது. அவர் கையைத் தூக்கவில்லை. மூடி பறந்து போய் விழுந்தது. நான்தான், நான்தான் என்று அலறினாள். அந்த அலறல் கேட்டுத் தெருவே வந்துவிட்டது.

"காய்ச்சல் இல்லன்னு அம்மாவுக்குத் தெரியும் பவி," என்றார். "ஒன் நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு வெளிய வந்து எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சா. கழுத ஒரு நாள் தூங்கட்டும்னா. தெரிஞ்சுதான் விட்டா."

அவள் அடிப்பதை நிறுத்தினாள். நிஜமாவா என்று கேட்டாள். நிஜம் என்றார். அப்புறம்தான் அழுதாள்.

இதை வேறு யார் சொல்லியிருக்க முடியும்? இந்த லைனில் யாருக்குத் தெரியும்?

ஆம்புலன்ஸ் வந்தது. என்ன பார்க்கப்போகிறாள் என்று பவித்ராவிடம் முதலிலேயே சொன்னேன். உடம்பு சில்லென்று இருக்கும். முகத்தில் ஒரு பக்கம் மூடியிருக்கும். கூப்பிட்டால் அம்மா எழும்பமாட்டார். பயமாக இருந்தால் உடனே வெளியே வந்துவிடலாம். அவள் அம்மாவின் காலை மட்டும் தொட்டாள். கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். வலிக்குமா என்று கேட்டாள். இனி வலிக்காது என்றேன். இரண்டு மணிக்கு அப்பாவோடு அவளும் ஏறினாள்.

பதினாறாம் நாள் முடிந்து திரும்பி வந்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பள்ளியில் ஒரு பிள்ளையின் கையைக் கடித்தாள். பிரஷர் குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போகிறாள். நானும் கூடப் போய்ப் படுத்துக்கொள்கிறேன். பாப்பாத்தி அக்கா ஒரு நாள் என்னிடம் வந்து, தப்புப் பண்ணிட்டன் கண்ணு என்றார். இப்போது குழந்தைக்குத் தலை பின்னும்போது இசக்கியம்மாளின் கதைகளைத்தான் சொல்கிறார்.

எழுதி வைக்கிறேன். மறக்கக் கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை செத்தவர்கள் மூன்று பேர். இசக்கியம்மாள், வயது இருபத்தொன்பது. சாயப்பட்டறையில் விகாஸ், இருபத்திரண்டு. சந்தன், பத்தொன்பது. பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போனவை: எங்கள் கம்பெனியில் மெஷின்கள் ஆறு. கூரை முழுவதும். என் இடது காது, இனிக் கேட்காது.

நான் இழந்தது: அம்மா, ஒரு ஷெல்லில். சித்தி, ஒரு பொய்யில். இரண்டு பேர்.

பவித்ரா இழந்தது: அம்மா. ஒருவர்.