ஈரச்சாக்கு தொங்காத அறை

காபியைக் குடித்துவிட்டு எழுதுங்கள், பிள்ளைகளே. ஆறினால் எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு தெரியும்.

கட்டுரையில் உள்ளபடியே செய்தும் எங்கள் எண்கள் உங்களுக்கு வரவில்லை என்று கேட்க வந்திருக்கிறீர்கள். வராது.

நான் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் முப்பத்தோரு வருடம் இருந்தவள். எழுத்துக் கற்றதே அச்சாபீசில் கழித்துப்போட்ட பட்டாசு லேபிள்களைப் பார்த்துத்தான். புகை குறைந்த புதுக் கலவையை ஆராய வந்த பட்டப்படிப்பு மாணவி பிரீத்திகா, சோதனையை என் கையில் கொடுத்தாள். ஒரு சிட்டிகை மருந்தின்மேல் எடைக்கட்டி விழ வேண்டும். பற்றுகிறதா என்று குறிக்க வேண்டும். நாற்பது முறை.

"கட்டுரையில உங்க பேரும் வரும், கருப்பம்மாக்கா" என்றாள். லேபிளில் கம்பெனி பெயர் இருக்கும். அதை ஒட்டினவள் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை.

முதல் நாள் அவள் மதுரைக்குப் போயிருந்தாள். அவள் எழுதித் தந்தபடி உலர்ந்த அறையில் செய்தேன். ஒன்பது முறை பற்றியது; அப்படியென்றால் கலவை தேறாது. அந்தத் தாளைக் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள், கோடையில் நாங்கள் எப்போதும் செய்வதுபோல, கதவிலும் ஜன்னலிலும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டேன். காற்றில் ஈரம் ஏறினால் மருந்து அடங்கும். ஒரு முறைகூடப் பற்றவில்லை.

திரும்பி வந்த பிரீத்திகா அந்த இரண்டாம் நாள் தாளைத்தான் பார்த்தாள். "செய்முறையில எதுவும் மாத்துனீகளாக்கா?"

"நீ எழுதினபடிதாம்மா."

யாரும் திரும்பச் செய்து பார்க்கட்டும் என்று செய்முறையையும் நாற்பது எண்களையும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தாள். நல்ல பெண். எம். புதுப்பட்டியில் ஒரு சின்னக் கம்பெனிக்காரர் அதை வாசித்தார்.

பாண்டிமீனா என்னிடம் வேலை பழகினவள், இப்போது அந்தப் புதுப்பட்டிக் கம்பெனியில் மருந்து கலக்கினாள். பங்குனியில் இருக்கன்குடி கோயிலுக்குப் போக பஸ்ஸுக்கு நின்றபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சித்தி, பேரு அச்சுல வந்ததும் எங்களோட பேச மாட்டீகளோ?" சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "புது மருந்துக்கு ஈரச்சாக்கு கூடாதாம், ரூம் காஞ்சிருக்கணுமாம். நீங்க செஞ்ச தாள சுவத்துல ஒட்டியிருக்காக. நெசமா ஒண்ணும் ஆகாதுல்ல?"

பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும்.

"நாப்பது தடவ செஞ்சேன்டி. ஒண்ணும் ஆகாது."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அந்த அறை வெடித்துப் போனது. அவளோடு இன்னும் இரண்டு பேர்.

துக்கத்துக்குப் போனேன். அவள் மகள் ஓவியா எனக்குப் பாய் விரித்தாள். "நீங்க சொன்ன தைரியத்துலதான் ஆச்சி, அம்மா அன்னைக்கு வேலைக்குப் போச்சு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நான் உட்காரவில்லை.

பிரீத்திகாவின் பட்டம் தடைப்படக் கூடாதென்றுதான் செய்தேன் என்று இவ்வளவு நாள் சொல்லிக்கொண்டேன். உங்களிடமும் அப்படித்தான் சொல்ல நினைத்திருந்தேன்.

இதோ அந்த முதல் நாள் தாள். ஒட்டவைத்திருக்கிறேன், ஒன்பதும் தெளிவாகத் தெரியும். கட்டுரைக்குத் திருத்தம் போடுங்கள். என் பெயரை எடுத்துவிடச் சொல்வார்கள். அதை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள், கண்ணுகளா.