மெதுவாகக் கூப்பிடும் குரல்

சத்தம் போட்டுப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒருநாளும் பிரச்சினை வந்ததில்லை, மேடம். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஏலச் சத்தம் காதைக் கிழிக்கும். அங்கேதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வரும்.

மெதுவாகப் பேசினால்தான் ஆகாது. என் அப்பா அடிப்பதற்கு முன்னால் குரலை உயர்த்த மாட்டார். "செல்வி, செத்த இங்க வாம்மா" என்பார், அத்தனை அன்பாக. நானும் ஒவ்வொரு தடவையும் நம்பிப் போவேன். இப்போது எனக்கு முப்பத்தாறு வயது. இன்றைக்கும் யாராவது பதமாகக் கூப்பிட்டால் வயிறு சுருட்டிப் பிடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், கை தானாக வெட்டி இழுக்கும். சின்ன வயதில் பட்டது உடம்பிலேயே தங்கிவிட்டது என்று டாக்டர் ரீனா எழுதிக் கொடுத்த காகிதம் உங்கள் மேசையில் இருக்கிறது.

இதை நான் முதலில் சொன்னது என் வீட்டுக்காரர் கிறிஸ்துராஜிடம். கேட்டுவிட்டு அழுதார். "இனி அந்தாளு நம்ம வாசப்படி ஏற மாட்டாரு. இது சத்தியம்" என்றார். பதினோரு வருஷம் எனக்காக வீட்டுக்குள்ளும் சத்தமாகவே பேசினார், செல்வி என்று கூப்பிடாமல் அறிவு என்றே கூப்பிட்டார். தங்கமான மனுஷன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒன்றுகூடி ஜெபிப்பது வழக்கம். மன்றாட்டு சொல்லும் நேரத்தில் இவர் எழுந்து, நான் சொன்னதையெல்லாம் எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு வெளியே போய் என் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்.

"மன்னிச்சிரு அறிவு. மன்னிச்சாத்தான் உன் ஒடம்பு தேறும்."

அப்பா கையை நீட்டி, "செல்வி, கிட்ட வாம்மா" என்றார். பக்கத்து வீட்டு செபாஸ்தியம்மாள் அக்கா என்னை முன்னே தள்ளினார். நடக்கும்போதே என் பாவாடை நனைந்துவிட்டது. எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அப்பா எங்கள் வீட்டிலேயே தங்கினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் எனக்கு எந்தச் சத்தியமும் செய்து கொடுத்ததில்லை.

வியாழக்கிழமை மல்லித் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் மக்கர் செய்தது. இவர் உள்ளே இறங்கினார். கீழிருந்து மெதுவாகக் கூப்பிட்டார், பயத்தில் கை வெட்டி இழுத்து சுவிட்சில் பட்டுவிட்டது, கரண்ட் பாய்ந்து உயிர் போய்விட்டது என்று ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். டாக்டரும் அப்படி நடக்கலாம் என்றார். நீங்களும் நம்பினீர்கள்.

நேற்று வக்கீல் வந்தார். அந்தக் காகிதத்தை வைத்து என்னை வெளியே எடுத்துவிடலாமாம். அப்பாதான் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறாராம், அவரோடுதான் நான் போய் இருக்க வேண்டுமாம். அதனால் விட்டுப்போனதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் கிணற்றில் இறங்குகிறவர்கள் மூன்று பியூஸ் கட்டைகளையும் உருவி, நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். இவர் என் முந்தானையில் போட்டுவிட்டு, "நாஞ் சொல்றப்ப மாட்டு" என்றார். அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வயரைப் பிரிக்கும்வரை காத்திருந்தேன். ஒவ்வொன்றாக மாட்டினேன். மூன்றாவது கட்டை இறுக்கமாக இருந்தது, இரண்டு கையாலும் அழுத்தினேன். பிறகு பச்சைப் பொத்தானைத் தட்டினேன். உள்ளங்கை வேர்க்கவில்லை. வயிறும் சும்மா இருந்தது.

அவர் என்னைக் கூப்பிடவே இல்லை, மேடம்.